பேகனியமும் அதன் இக்காலக் கிளைகளும்: ஓர் அறிமுகம்

'பேகன்' என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழ் பயில்வோர் உள்ளத்தில் தோன்றுபவன் மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனே ஆவான். சில ஆண்டுகளுக்கு முன் ஆங்கில இலக்கிய வகுப்பு முடிந்து வந்த மாணவர் ஒருவர், "பேகன் என்பது வசைச்சொல்லா ஐயா?" என்று வினவினார். கடையெழு வள்ளல்களுள் ஒருவனை யார் வைதனர் என்று முதலில் மயங்கிப் பின்னரே அவர் கருதியது ஆங்கிலச் சொல் என உணர்ந்தேன். அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. அதனைச் சற்று விரிவாகச் சொல்ல இக்கட்டுரை முற்படுகிறது.

சொல்லின் வரலாறு

இலத்தீன் மொழியில் 'பாகுஸ்' என்பது நாட்டுப்புறப் பகுதியைக் குறிக்கும். அங்கு வாழ்பவன் 'பாகானுஸ்', அதாவது சிற்றூரான். உரோமானியப் படைவீரர் வழக்கில் இதே சொல், படையில் சேராத குடிமகனைச் சற்றே இளக்காரமாகக் குறித்தது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் உரோமப் பேரரசு கிறித்தவத்தின் பக்கம் சாய்ந்தபொழுது, பழைய தெய்வங்களை விடாது வழிபட்டோரைச் சுட்டக் கிறித்தவர்கள் இச்சொல்லை எடுத்தாண்டனர். நகரங்கள் மாறிய பின்னும் சிற்றூர்கள் மாறாதிருந்தமையால் இப்பெயர் எழுந்தது என்பார் ஒரு சாரார். கிறித்துவின் படையில் சேராதோர் என்னும் கருத்தில் எழுந்தது என்பார் மற்றொரு சாரார். ஆங்கிலத்தின் 'ஹீதன்' என்னும் சொல்லும், புதர்கள் மண்டிய தரிசு வெளியைக் குறிக்கும் 'ஹீத்' என்பதோடு தொடர்புடையதாகவே கருதப்படுகிறது. இரண்டு சொற்களிலும் ஊரகத்தானைப் பற்றிய நகரத்தானின் ஏளனம் ஒலிப்பதைக் காணலாம்.

எவ்வாறாயினும், தம்மைத் தாமே 'பேகன்' என அழைத்துக்கொண்ட சமயத்தார் பண்டை உலகில் எவரும் இலர். ஏதென்சில் அதீனாவுக்கு விழா எடுத்தவனும், நைல் நதிக்கரையில் ஐசிசை வணங்கியவளும், வடபுலத்தில் இடித் தெய்வமாகிய தோரைப் போற்றியவனும் தத்தம் குடி வழக்கைப் பின்பற்றினார்களேயன்றி, தாம் ஒரே சமயத்தைச் சார்ந்தவர்கள் என எண்ணினார் அல்லர். அவர்களை ஒரே கூட்டமாகக் கண்டது வெளியில் நின்றவர் கண்ணே.

வெளியில் நிற்பவர் இடும் பெயர் எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதற்கு நம் வாசகர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய சான்று ஒன்றுண்டு. பழைய பிரெஞ்சு மொழியின் புகழ்பெற்ற வீரகாவியம் 'ரோலாண்டின் பாடல்'. கி.பி. 1100ஐ ஒட்டி உருவான இந்நூலில் 'பேகன்' என்னும் பொருளுடைய சொல்லால் இடையறாது சுட்டப்படுவோர் யாவர்? ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள். அவர்கள் மூன்று சிலைகளை வணங்குவதாகவும், போரில் தோற்றதும் அச்சிலைகளைத் தாமே அடித்து நொறுக்குவதாகவும் அப்புலவர் பாடுகின்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரே சிதைந்த வடிவில் அச்சிலைகளுள் ஒன்றுக்கு இடப்பட்டுள்ளது. உருவ வழிபாட்டை முற்றாக விலக்கிய ஒரு சமுதாயம் சிலைவணங்கிகளாகச் சித்திரிக்கப்பட்டமை வியப்பே. இதனினும் வியப்பு, கி.பி. 778இல் ரோன்சுவோ கணவாயில் சார்லமேனின் பின்படையைத் தாக்கி அழித்தவர்கள் முஸ்லிம்களே அல்லர், மலைநாட்டுப் பாஸ்கு மக்கள் என்பது. ஆகவே, இச்சொல்லை எடுத்தாளும்போது அது ஒரு காலத்தில் நம்மீதும் எறியப்பட்ட கல் என்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று.

அக்கல் தமிழ்நாட்டுக் கரையிலும் வந்து விழுந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் போதகர் சீகன்பால்கு, ஐரோப்பியர் 'பேகனியம்' என்றதைத் தமிழில் 'அக்கியானம்' என மொழிபெயர்த்தார். அஞ்ஞானம் என்பதன் திரிந்த வடிவம் இது. 1713இல் தரங்கம்பாடி அச்சகம் வெளியிட்ட தொடக்ககாலத் தமிழ் அச்சுநூல்களுள் ஒன்று இதே சொல்லைப் பெயராகத் தாங்கியது. அவரே அதே ஆண்டில், இம்மண்ணின் தெய்வங்களைப் பற்றித் தாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைப் பெருநூலாகத் தொகுத்து ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த மேலவர் பிராங்கே, போதகரின் பணி அச்சமயத்தை வேரறுப்பதே அன்றி அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதன்று என்று கூறி அதனை அச்சேற்ற மறுத்தார். நூல் சென்னையில் அச்சேறியது 1867இல். வைத பெயரால் தொடங்கியவரே ஆராயப் புகுந்தபின் மதிக்கக் கற்றுக்கொண்டார் என்பதற்கு அந்நூல் சான்று.

அரபு நூல்கள் தரும் ஒளி

பழைய ஐரோப்பியச் சமயங்களைப் பற்றி அவற்றைப் பின்பற்றியவர்களே எழுதிவைத்தவை, கிரேக்க உரோமானியர் நீங்கலாக, மிகக் குறைவு. எழுதியோர் பெரும்பாலும் அயலவர். அவ்வயலவருள் முதலிடத்தில் வைக்கத்தக்கவர் பக்தாதைச் சேர்ந்த அஹ்மத் இப்னு ஃபள்லான்.

அப்பாசிய கலீஃபா அல்முக்ததிர், வால்கா ஆற்றங்கரையில் இஸ்லாத்தைத் தழுவிய பல்கர் மன்னருக்கு ஒரு தூதுக்குழுவை கி.பி. 921இல் அனுப்பினார். அதில் சென்ற இப்னு ஃபள்லான் 922இல் அங்கே 'ரூஸ்' என்னும் வணிகர் கூட்டத்தைக் கண்டார். வடபுலத்திலிருந்து ஆற்று வழியே வந்த அவர்களைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஸ்காண்டிநேவிய மரபினர் எனக் கொள்வர். அவர்களுடைய தலைவன் ஒருவனின் ஈமச் சடங்கை அவர் நேரில் இருந்து கண்டு எழுதினார். கப்பலொன்றைக் கரையேற்றி, இறந்தவனைப் பட்டாடை உடுத்தி அதில் இருத்தி, உணவும் படைக்கலமும் அருகில் வைத்துத் தீயிடுகின்றனர். அவனோடு செல்ல ஓர் அடிமைப் பெண்ணையும் கொல்கின்றனர். அக்கொடுமையை அவர் மறைக்கவும் இல்லை, மிகைப்படுத்தவும் இல்லை. பிணத்தைப் புழுவுக்கு இரையாக மண்ணில் புதைக்கும் அரபியர் அறிவிலிகள் என்று ரூஸ்காரன் ஒருவன் சொல்லி நகைத்ததையும், மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டறிந்து அப்படியே பதிவு செய்துள்ளார். தம் சமுதாயத்தை எள்ளிய சொல்லையும் மாற்றாது எழுதிய அந்நேர்மையே அவருடைய நூலுக்கு இன்றளவும் மதிப்பளிக்கிறது. இந்நூலின் விரிவான கையெழுத்துப்படி 1923இல் ஈரானின் மஷ்ஹத் நகர நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. தோரையும் ஓதினையும் வணங்கும் இன்றைய வடபுலத்தார், தம் முன்னோர் வாழ்க்கையை அறிய ஒரு முஸ்லிம் பயணியின் ஏட்டைப் புரட்ட வேண்டியுள்ளது!

இவ்வாறே இஸ்லாத்திற்கு முந்தைய அரபுத் தெய்வங்களைப் பற்றி நாம் அறிவதில் கணிசமான பகுதி, ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஹிஷாம் இப்னுல் கல்பியின் 'கிதாபுல் அஸ்னாம்' என்னும் நூலால் கிடைத்ததே. இன்னொரு செய்தியும் உண்டு. இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள ஹர்ரான் நகரத்தார், இஸ்லாமிய ஆட்சி வந்து நெடுங்காலம் கழிந்த பின்னும் கோள்களையும் நிலவுத் தெய்வத்தையும் வழிபட்டு வந்தனர். குர்ஆன் குறிப்பிடும் 'ஸாபியீன்' நாங்களே என்று அவர்கள் உரிமை கொண்டாடினர். அவர்களுள் ஒருவரான தாபித் இப்னு குர்ரா (மறைவு கி.பி. 901) பக்தாதில் வாழ்ந்து, கிரேக்கக் கணித நூல்களை அரபியில் பெயர்த்து, தாமும் பல கண்டுபிடிப்புகளைச் செய்து கலீஃபாவின் அவையில் உயர்நிலை எய்தினார். தம் சமயத்தை அவர் விடவில்லை. அவருடைய அறிவைப் பக்தாதும் இழக்கவில்லை.

இக்காலப் பேகனியம்

இனி நம் காலத்திற்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, தொழிற்சாலைப் புகையால் மனம் சலித்த ஐரோப்பியக் கவிஞரும் கலைஞரும் பழைய தெய்வங்களை ஏக்கத்தோடு நினைந்தனர். அவ்வேக்கம் இருபதாம் நூற்றாண்டில் வழிபாடாக உருக்கொண்டது. வசைச்சொல்லாக இருந்த 'பேகன்' என்பதை அவர்கள் தமக்குரிய பெயராகவே எடுத்துக்கொண்டனர்.

இவர்களுக்குப் பொதுவான வேதநூல் இல்லை, நிறுவனர் இல்லை, தலைமைப்பீடமும் இல்லை. பெரும்பாலோரிடம் காணப்படும் போக்குகளைச் சுட்டலாமேயன்றி இலக்கணம் வகுத்தல் அரிது. இயற்கையைப் புனிதமாகக் கருதுதல், ஒன்றுக்கு மேற்பட்ட தெய்வங்களைப் போற்றுதல், பெண்தெய்வத்திற்குச் சமநிலை அளித்தல், ஞாயிற்றின் போக்கையும் பருவங்களையும் ஒட்டி விழா எடுத்தல் ஆகியன அவை. அத்தெய்வங்கள் மெய்யாகவே உள்ளனவா, அல்லது மனித மனத்தின் உருவகங்களா என்னும் வினாவிற்கு அவர்களுக்குள்ளேயே ஒருமித்த விடை கிடையாது.

இந்து சமயத்தையோ நம் நாட்டார் வழிபாட்டையோ இப்பெயரால் சுட்டுவோரும் மேலைநாட்டில் உளர். அது பொருந்தாது என்பதே என் கருத்து. ஐயனாரும் மாரியும் வழியறாத வணக்கத்தில் உள்ளவர்கள். ஐரோப்பியப் பேகனியமோ அறுந்த இழையை மீண்டும் முடியும் முயற்சி. முடிச்சு எங்கே விழுந்தது என்பதை அறிவதில்தான் இவ்வாராய்ச்சியின் சுவையே உள்ளது.

விக்காவும் துரூயிதமும்

இக்கிளைகளுள் பரவலாக அறியப்பட்டது 'விக்கா'. இதன் முதல்வர் ஜெரால்டு கார்ட்னர் (1884 - 1964). லிவர்ப்பூல் அருகே பிறந்த இவர் இளைப்பு நோயால் வருந்திய காரணத்தால் வெப்ப நாடுகளில் வளர்ந்தார். 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் பணி கற்றார். பின்னர் போர்னியோவிலும் மலாயாவிலும் இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்து, மலாயாச் சுங்கத்துறை அலுவலராகி, 1936இல் ஓய்வு பெற்றார். மலாய் மக்களின் 'கிரிஸ்' என்னும் குறுவாளைப் பற்றி அவர் எழுதிய நூல் அத்துறையில் முன்னோடியானது.

இங்கிலாந்து திரும்பிய கார்ட்னர், 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் பண்டைக்காலம் முதல் மறைவாக வாழ்ந்துவந்த சூனியக்காரிகளின் குழுவொன்றில் தாம் சேர்க்கப்பட்டதாகக் கூறினார். சூனியம் பற்றிய 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும், 1954இல் தம் நூலை வெளியிட்டார். அதற்கு அணிந்துரை வழங்கியவர் மார்கரெட் மரே என்னும் எகிப்தியல் அறிஞர். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் எனக் கொல்லப்பட்டோர் உண்மையில் பழஞ்சமயம் ஒன்றின் அடியார்களே என்று 1921இல் எழுதியவர் அவர். அக்கொள்கையைப் பின்வந்த வரலாற்றறிஞர்கள் ஆவணங்களைக் கொண்டு மறுத்துவிட்டனர். விக்காவின் சடங்குகள் மேசானியச் சங்க நடைமுறைகளிலிருந்தும் முற்கால மந்திர நூல்களிலிருந்தும் கோக்கப்பட்டவை என்பதை ரொனால்டு ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு விளக்கமாகக் காட்டியது. வழிபாட்டு மொழிக்குக் கவித்துவம் அளித்தவர் டோரீன் வேலியண்டி என்னும் பெண்மணி.

'சூனியக்காரி' என்ற சொல்லால் நம்மவர் பில்லி, ஏவல் என்று எண்ணிவிடலாகாது. விக்காவினர் தேவி ஒருத்தியையும் கொம்புடைய தேவன் ஒருவனையும் வணங்குபவர்கள். வட்டமிட்டு நின்று வழிபடுதல், ஆண்டுக்கு எட்டு விழாக்கள், பிறர்க்குத் தீங்கு செய்யாமை என்னும் நெறி ஆகியன இவர்களுக்குரியவை. சாத்தானை இவர்கள் வணங்குகின்றனர் என்னும் குற்றச்சாட்டு அடிப்படையற்றது. சாத்தான் என்னும் கருத்தே இவர்கள் கொள்கையில் இல்லை. அமெரிக்கா சென்றபின் விக்கா பெண்ணுரிமை இயக்கத்தோடும் சுற்றுச்சூழல் இயக்கத்தோடும் கைகோத்தது. கார்ட்னர் 1964இல் கடற்பயணத்தின்போது இறந்து துனிசியாவில் அடக்கம் செய்யப்பட்டார். 2021ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் குடிமதிப்பில் தம்மைப் பேகன் எனப் பதிந்தோர் ஏறத்தாழ 74,000 பேர். விக்கா எனப் பதிந்தோர் 13,000 பேர்.

துரூயிதம் இதனினும் பழைய மறுமலர்ச்சி. கெல்டிய மக்களின் குருமாராகிய துரூயிதர் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியுள்ளார். அவர்கள் மறைகளை எழுதாது வாய்மொழியாகவே கற்பித்தனர். ஆதலின் அவர்களோடு மறைகளும் மறைந்தன. அவ்வெற்றிடத்தைக் கற்பனை நிரப்பிற்று. ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் துரூயிதர் எழுப்பிய கோயில் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்டக்லி எழுதினார். அது அவர்களுக்கு ஈராயிரம் ஆண்டுகள் மூத்தது என்பதை அகழாய்வு பின்னரே தெளிவித்தது. 1792இல் 'யோலோ மோர்கன்வுக்' என்னும் புனைபெயர் கொண்ட வேல்ஸ் நாட்டுக் கல்தச்சர், இலண்டன் பிரிம்ரோஸ் குன்றில் துரூயிதப் புலவர் அவை ஒன்றைக் கூட்டினார். தொன்மையானவை என அவர் காட்டிய ஏடுகளில் பல அவரே எழுதியவை! ஆயினும் அவர் தொடங்கிய அவை இன்றும் வேல்ஸ் மொழியின் தேசியக் கவிதை விழாவில் சிறந்த புலவர்க்கு முடிசூட்டி வருகிறது. பொய்யில் பிறந்த ஒரு சடங்கு, தாய்மொழி ஒன்றுக்கு அரணாக நின்றுவிட்டது. இதனை எவ்வாறு மதிப்பிடுவது என்று எனக்கு இன்றளவும் தெளிவு பிறக்கவில்லை.

ஐஸ்லாந்து: ஒரு போர்வையின் கதை

இக்கிளைகளுள் தமிழ் மாணவர் ஊன்றிப் படிக்கத்தக்கது ஐஸ்லாந்து நாட்டினது. கி.பி. 1000 அளவில் அந்நாட்டில் பழஞ்சமயத்தாரும் கிறித்தவரும் இரு கட்சியாகப் பிரிந்து, போர் மூளும் நிலை ஏற்பட்டது. நாட்டவை கூடியபோது இரு சாராரும் தீர்ப்பைச் சட்டம் உரைப்பவராகிய தோர்கெயிர் என்பவரிடம் விட்டனர். அவர் பழஞ்சமயத்தார். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையைப் போர்த்திப் பேசாது கிடந்த அவர், எழுந்து வந்து, சட்டம் பிளந்தால் அமைதியும் பிளக்கும் எனக் கூறி, அனைவரும் கிறித்தவம் தழுவ வேண்டும் எனத் தீர்ப்பளித்தார். பழைய தெய்வங்களுக்கு வீட்டினுள் மறைவாகப் பலியிடுவதைச் சில காலம் அச்சட்டமே பொறுத்துக்கொண்டது. நம் பேகன் தன் போர்வையை மயிலுக்குத் தந்தான். அந்தப் பேகனோ போர்வைக்குள் இருந்து தன் சமயத்தையே தந்தார்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஸ்நோரி ஸ்டர்லசன் (1179 - 1241) என்னும் கிறித்தவப் பெருமகன், கி.பி. 1220ஐ ஒட்டி 'எட்டா' என்னும் நூலை இயற்றினார். அது சமயநூல் அன்று. யாப்பும் அணியும் கற்பிக்கும் இலக்கண நூல். வடபுலக் கவிதையில் பொன்னைப் 'பொன்' என நேரே சொல்லாது, ஒரு தெய்வத்தின் கூந்தல் எனச் சுற்றிவளைத்துச் சொல்லும் வழக்குண்டு. தெய்வக் கதை தெரியாத இளம்புலவனுக்கு அத்தொடர் விளங்காது. கவிதை அழிந்துவிடுமே என்னும் அச்சத்தால், தாம் நம்பாத தெய்வங்களின் கதைகளை அவர் கருத்தோடு எழுதிவைத்தார். தோர், ஓதின், ஃபிரெயா ஆகியோரைப் பற்றி உலகம் இன்றறிவதில் பெரும்பகுதி அவ்விலக்கண ஆசிரியரின் கொடை. பாடல் வடிவிலான 'எட்டா' ஏடு, டென்மார்க்கு மன்னர் நூலகத்தில் முந்நூறு ஆண்டுகள் இருந்தபின் 1971 ஏப்ரலில் தாயகம் திரும்பியது. அதனை வரவேற்கத் துறைமுகத்தில் மக்கள் திரண்டனர். சுவடி தேடி அலைந்த உ.வே.சாமிநாதையரின் வரலாற்றை அறிந்த நமக்கு அக்கூட்டத்தின் உணர்ச்சி புரியாததன்று.

மறு ஆண்டே, 1972இல், கோடைத் தொடக்க நாளன்று, செம்மறியாடு வளர்க்கும் உழவரும் மரபுக் கவிஞருமாகிய ஸ்வேன்பியோர்ன் பேன்டேன்சன் சில நண்பர்களோடு 'ஆசாத்ரூ' என்னும் சங்கத்தைத் தொடங்கினார். 1973இல் அரசு அதனைச் சமயமாக ஏற்றது. அதனால் திருமணம் நடத்தவும், சமயத்திற்கென அரசு ஒதுக்கும் தொகையில் உறுப்பினர் கணக்கிற்கேற்பப் பங்கு பெறவும் அதற்கு உரிமை கிடைத்தது. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு இலட்சத்தை எட்டாதது. அதில் இச்சங்கத்தார் 5,000 பேருக்கும் மேல். இவர்கள் கூட்டங்களில் பலி இல்லை. தீயைச் சுற்றி நின்று பழம்பாடல் ஓதிப் பானம் அருந்துதலும் விருந்துமே சடங்கு. 2003 முதல் சங்கத்தின் தலைமையை ஏற்றுவரும் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன் ஓர் இசையமைப்பாளர். ஒற்றைக்கண் தெய்வம் எட்டுக்கால் குதிரையேறி வருவதை எவரும் சொல்லுக்குச் சொல் நம்புவதில்லை, அவை இயற்கையாற்றல்களின் உருவகங்கள் என்பது அவர் நிலை.

லிதுவேனியா

ஐரோப்பாவில் கடைசியாகக் கிறித்தவமான நாடு லிதுவேனியா. அதன் பெருங்கோமகன் யொகைலா போலந்தின் அரசுரிமையையும் பெறும்பொருட்டு 1386இல் ஞானஸ்நானம் பெற, மறு ஆண்டு நாடும் மாறிற்று. பிற நாடுகளில் பழஞ்சமயம் ஏட்டில் எஞ்சியது என்றால், இங்கே 'தைனா' என்னும் நாட்டுப்பாடல்களில் எஞ்சியது. இடித் தெய்வம் பெர்கூனஸ், நிலமகள் ஜெமீனா, அடுப்புத் தீயின் தெய்வம் கபியா ஆகியோர் பெயர்கள் நாட்டார் வழக்கில் நிலைத்தன. தீயை லிதுவேனியர் 'உக்னிஸ்' என்பர். வடமொழியின் 'அக்னி'யோடு அச்சொல்லின் உறவை மொழியியல் மாணவர் உடனே உணர்வர்.

சோவியத் ஆட்சியில் சமயம் எதுவும் விரும்பப்படாத நிலையில், 1967இல் யோனாஸ் திரின்கூனஸ் என்னும் ஆய்வாளரும் நண்பர்களும் கெர்னவே என்னும் பழந்தலைநகரின் மண்கோட்டைகளுக்கிடையே நடுக்கோடை விழாவைக் கொண்டாடினர். தீ மூட்டினர், மலர்முடி புனைந்தனர், பழம்பாடல் பாடினர். பாட்டில் தேசியம் ஒலிப்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். திரின்கூனஸ் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். நாடு விடுதலை பெற்றபின் 'ரோமுவா' என்னும் பெயரில் இவ்வமைப்பு 1992இல் பதிவு பெற்றது. ஆயினும் அரசேற்புப் பெற்ற சமயமாக அதனை அறிவிக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றம் 2019இல் தோற்கடித்தது. 2021 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது பாகுபாடு எனவும், அரசு கடைப்பிடிக்க வேண்டிய நடுநிலை தவறிற்று எனவும் தீர்ப்புரைத்தது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்பு வழங்கியது. திரின்கூனஸ் அதனைக் காண உயிரோடில்லை. அவர் 2014இல் மறைந்தார்.

கிரேக்க நாட்டிலும் பன்னிரு தெய்வ வழிபாட்டினர் 1997இல் அமைப்பாகத் திரண்டு, இருபதாண்டுகள் வாதாடி 2017இல் அரசேற்புப் பெற்றனர்.

நிழலும் வழக்கும்

இம்மறுமலர்ச்சியின் மீது விழுந்த நிழல் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. பழந்தெய்வம் என்பது எளிதில் 'எம் குருதியின் தெய்வம்' ஆகிவிடுகிறது. வியன்னாவில் வாழ்ந்த குய்டோ ஃபான் லிஸ்ட் (1848 - 1919) ரூன் எழுத்துகளுக்கு இன மறைபொருள் கற்பித்தார். பின்னர் நாஜிக் கொலைப்படையின் சட்டைக் கழுத்தில் அவ்வெழுத்துகளே மின்னின. இன்றும் வெள்ளை இனவெறிக் குழுக்கள் சில தோரின் சுத்தியலைச் சின்னமாக அணிகின்றன. ஐஸ்லாந்துச் சங்கத்தாரும் வேறு பல அமைப்பினரும் அவர்களை வெளிப்படையாகவே மறுத்துள்ளனர். எந்நாட்டிற் பிறந்தவரும் இவ்வழிபாட்டில் சேரலாம் என்போருக்கும், குருதி வழி வந்தோர்க்கே உரியது என்போருக்கும் இடையே நிகழும் வழக்குத்தான் வடபுலப் பேகனியத்தின் உள்ளே இன்று நடைபெறும் மெய்யான போர். தெய்வங்கள் எத்தனை என்பது அங்கே பெரிய வினாவன்று.

மற்றொரு வழக்கு அமெரிக்காவில் நிகழ்ந்தது. அந்நாட்டில் போரில் இறந்த வீரரின் கல்லறைக் கல்லில் அவருடைய சமயச் சின்னத்தைப் பொறிக்க அரசு முப்பதுக்கும் மேற்பட்ட சின்னங்களை ஏற்றிருந்தது. சிலுவை, தாவீதின் விண்மீன், பிறையும் விண்மீனும், இறைமறுப்பாளர்க்குரிய அணுச்சின்னம் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். விக்காவினர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் விண்ணப்பித்தும் வட்டத்துள் அமைந்த ஐம்முனை விண்மீன் மட்டும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 2005இல் நெவாடா மாநிலப் படைவீரர் ஒருவர் ஆப்கானிஸ்தானில் ஹெலிகாப்டர் வீழ்த்தப்பட்டு மாண்டார். அவர் விக்கா நெறியினர். வெறுமையான பலகையை ஏற்க அவர் மனைவி மறுத்தார். படைவீரர் கல்லறைத் தோட்டத்து நினைவுச் சுவரில் அவருக்குரிய இடம் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. பிற சமயத்தாரும் இறைநம்பிக்கை அற்றோரும் சேர்ந்து வழக்காடியபின், 2007 ஏப்ரலில் அரசு இணங்கி, அச்சின்னத்தைப் பட்டியலில் சேர்த்தது.